பொழுதுபோக்கும் பட்டறையும்



பழைய வால்வு வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பது கல்லூரி நாள்தொட்டு என் பொழுதுபோக்கு. தலைமையாசிரியர் பணியினின்று ஓய்வு பெற்றபின், வீட்டுத் திண்ணையை அடைத்து அதையே சிறு பட்டறையாக்கிக்கொண்டேன். முன்பு பெட்டி கெட்டால் நட்டம் என்னுடையது. இப்போது மேசைமீது இருப்பது பிறர் பொருள். இந்த வேறுபாடு சிறிதன்று.

பல்லாண்டு பரணில் கிடந்த பெட்டியைக் கொண்டுவருபவர், பெரும்பாலும் வீட்டிலேயே ஒருமுறை மின்சாரத்தில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்! அதுவே அதற்குக் கேடாகிறது. உள்ளேயிருக்கும் மின்தேக்கிகளில் அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. நெடுநாள் பயன்படாதிருந்தால் அது நலிந்து மின்சாரத்தைக் கசியவிடும். அந்தச் சுமையால் மின்மாற்றி சூடேறிக் கருகும்.

ஆகவே முதற்சோதனைக்கு ஓர் 60 வாட் விளக்கைப் பெட்டியோடு தொடராக இணைக்கிறேன். பெட்டி நலமாயின் விளக்கு சற்றே ஒளிர்ந்து மங்கும். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தாலோ, 230 வோல்ட்டில் பெரும்பங்கைத் தானே ஏற்று விளக்கு முழு ஒளியுடன் எரியும், பெட்டி தப்பும். ஓம் விதியை இதனினும் தெளிவாக நான் வகுப்பறையில் விளக்கியதில்லை. இழை விளக்கே வேண்டும், எல்.ஈ.டி. உதவாது. கடையில் கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

மின்னிணைப்பை எடுத்த பின்னும் மின்தேக்கிகளில் 250 வோல்ட் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். பழகியவர் துணையின்றி நீங்கள் திறவாதீர்கள்.

சென்ற ஆண்டு ஓர் அம்மையார் கொண்டுவந்த பெட்டியில் மின்மாற்றி முன்னமே கருகியிருந்தது. அது அவருடைய காலஞ்சென்ற கணவர் வாங்கியது. உள்ளிருப்பதை அகற்றிவிட்டுப் புதுச் சுற்றுப்பலகை ஒன்றைப் பொருத்தினால் அரைநாள் வேலை, செலவும் குறைவு, வெளித்தோற்றம் மாறாது. சொல்லாமலே செய்வோரும் உண்டு. எனக்கு அது ஒப்பாது. இரு வழிகளையும் இரு விலைகளையும் எடுத்துரைத்தேன்.

"ஐயா, புதியதைப் போட்டால் அந்தப் பச்சைக் கண் எரியுமா?" என்றார்.

நிலையம் சரியாகப் பிடிபட்டதும் நிழல் சுருங்கி ஒளிரும் வால்வைத்தான் அவர் குறிப்பிட்டார். எரியாது என்றேன். மின்மாற்றியையே மறுபடி சுற்றச் சொன்னார்.

மோட்டார் சுற்றுபவரிடம் சென்றேன். தலைமயிர் போன்ற கம்பியைக் கண்டு அவர் தயங்கினார். நானே அருகிருந்து, பழைய சுற்றுகளை எண்ணி எண்ணிப் பிரித்தேன். வால்வு இழைகளுக்கு 6.3 வோல்ட் தரும் பகுதி எளிது. உயர் மின்னழுத்தப் பகுதியோ ஆயிரக்கணக்கான சுற்று. மூன்று நாள் ஆயிற்று. அந்நாள்களுக்குக் கூலி கேட்க முதலில் நாணினேன். பிறகு கேட்டுப் பெற்றேன். கூலி வாங்காத பட்டறை ஓராண்டும் நிலைக்காது.

பெட்டி பாடியது. பச்சைக் கண் மட்டும் மங்கலாகவே எரிந்தது. அதன் ஒளிர்பூச்சு காலத்தால் தேய்வது. வேறு வால்வு கிடைக்கும்வரை பொறுக்கலாமா என்று கேட்டேன். அம்மையார் வேண்டாமென்று சொல்லி, அன்று மாலையே பெட்டியை எடுத்துச் சென்றார்.