மீனங்காடி கற்றுத்தரும் கணக்கு



கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் மீனங்காடி என்றோர் ஊராட்சி. வெளியிடும் கரியமில வாயுவின் அளவையும், மரமும் மண்ணும் ஈர்க்கும் அளவையும் சமமாக்குவோம் என 2016-இல் அவ்வூரார் உறுதி பூண்டனர். முதலில் கணக்கெடுத்தனர். ஆண்டுக்கு வெளியாவது சுமார் 33,000 டன். ஈர்க்கப்படுவது சுமார் 22,000 டன். எஞ்சிய 11,000 டன்னை மறைக்காது ஊரறியக் கூறினர். பின்னர் 'மர வங்கி' கண்டனர். மரத்தை ஈடுவைக்கும் விவசாயிக்கு, மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வட்டியில்லாக் கடன். மரத்தை வெட்டினால்தான் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும்.

சகோதரர்களே! மறுமையில் கணக்குக் கேட்கப்படுமுன் நம்மை நாமே கணக்குப் பார்ப்பது மார்க்கம் காட்டிய வழியன்றோ! ஜமாஅத்தின் வரவு செலவை ஆண்டறிக்கையில் பைசா பிசகாமல் வெளியிடுகிறோம். தொழுகை முடிந்து ஆளில்லாப் பள்ளியில் சுழன்ற மின்விசிறிகளின் கணக்கை எங்கே எழுதினோம்? வீண்விரயம் அல்லாஹ்வின் இல்லத்திலும் வீண்விரயமே.

எரித்த மின்சார யூனிட்டையும் ஜெனரேட்டர் டீசலையும் அடுத்த அறிக்கையில் ஒரு பக்கமாகச் சேர்ப்போம். அளந்தால்தான் குறைக்க முடியும். வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.