பெயர் ஒன்று, ஆள் இரண்டு



தனித்தனியே இயங்கிய காரியாலயக் கணினிகளை ஒரே வலையமைப்பின் ஆட்சிக்குள் கொண்டுவரும்போது உண்டாகும் திகைப்பு ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். 'டொமைன்' எனப்படும் அவ்வாட்சியில், எவர் எதைத் திறக்கலாம் என்பதை மத்தியிலுள்ள சேவைக் கணினியே தீர்மானிக்கும். இதற்கென மைக்ரோசொவ்ற் நிறுவனம் 'அக்டிவ் டிரெக்டரி'யை விண்டோஸ் 2000 உடன் வெளியிட்டது. விண்டோஸின் 'ஹோம்' பதிப்பு டொமைனில் சேராது என்பதைக் கணினி வாங்குவோர் முன்னரே கவனித்தல் நன்று.

மாற்றம் நிகழ்ந்த மறுநாட் காலை எழுதுவினைஞர் கந்தையா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பெயரைத் தட்டச்சு செய்து உள்ளே நுழைகிறார். திரை வெறுமையாய்க் கிடக்கிறது. பத்து வருடக் கடிதங்கள் எங்கே? வினாத்தாள்கள் எங்கே?

அவை அழியவில்லை. கணினி மனிதரைப் பெயரால் அறிவதன்று. ஒவ்வொரு கணக்கிற்குமுரிய நீண்ட அடையாள இலக்கத்தாலேயே அறிகிறது. கணினியிலேயே உருவான பழைய கணக்கிற்கு ஓர் இலக்கம்; டொமைன் வழங்கிய கணக்கிற்கு வேறோர் இலக்கம். ஆகவே அதன் கண்ணுக்குக் கந்தையாக்கள் இருவர். இரண்டாமவருக்குப் புதிய அறையொன்றைக் கட்டிக் கொடுத்துவிடுகிறது. 'யூசர்ஸ்' என்னும் கோப்புறையைப் பார்த்தால், பழைய பெயர் ஒன்றும், அதே பெயரோடு புள்ளியும் டொமைனின் பெயரும் ஒட்டிய மற்றொன்றுமாக, இரண்டையும் பெரும்பாலும் அங்கே காணலாம்.

நிர்வாக உரிமை பெற்றவர் பழைய அறையிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் பிரதிசெய்து கொடுக்கலாம். பலருக்கு இதுவே போதும். பழகிய அமைப்புகளும் உடன்வர வேண்டுமாயின் மைக்ரோசொவ்ற்றின் யூ.எஸ்.எம்.டி. என்னும் கருவி உண்டு. 'யூசர் புரொபைல் விஸாட்' என்னும் கருவியோ எதையும் பிரதிசெய்யாது, பழைய அறையின் உரிமையையே புதிய இலக்கத்திற்கு மாற்றி எழுதிவிடும்.

ஆனால் விண்டோஸ் மறைகுறியிட்டுப் பூட்டிய கோப்புகளும், சேமித்து வைத்த கடவுச்சொற்களும் வேறு வகையின. அவற்றின் திறவுகோல் பழைய கடவுச்சொல்லோடு பிணைக்கப்பட்டது. நிர்வாகி அக்கடவுச்சொல்லைப் பலவந்தமாக மாற்றினால், அவை திறவாமலே போகக்கூடும். எனவே மாற்றத்திற்கு முன்னரே, பழைய கணக்கிலிருந்தபடியே அக்கோப்புகளின் சான்றிதழை வெளியே எடுத்து வைத்தல் வேண்டும்.

உண்மையான இழப்பு, "இனி இது எதற்கு?" என்று அவசரக்காரர் ஒருவர் பழைய கணக்கைக் கோப்புகளோடு நீக்கும்போதே நேர்கிறது. பாடசாலையாயின், ஒரு தவணை முழுவதும் அதனை அப்படியே விட்டுவைக்கச் சொல்வேன். பரீட்சை நெருங்கும்போதுதான் ஆசிரியர் எவருக்கேனும் சென்ற வருட வினாத்தாள் நினைவுக்கு வரும்.