நால்வருள் முதல்வர்: அறுவை மருத்துவமும் நோயாளியின் அறிவும்



இலக்கிய மேடையில் அறுவை மருத்துவத்திற்கு என்ன வேலை என்று வினவுவார் இருத்தல் கூடும். விடை திருக்குறளிலேயே உள்ளது. 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அந்நான்கும். வடமொழியில் சரக சங்கிதையும் இந்நான்கையே கூறுகிறது. ஆனால் அங்கே மருத்துவர் முதலிடம் பெறுகிறார். நோயாளி நான்காம் இடத்தில் நிற்கிறார். குறளிலோ நோயாளியே முதல்வர். செய்யுளின் ஓசை நோக்கி அமைந்த வரிசை இது என்று கூறுவாரும் உளர் ஆகலாம். எவ்வாறாயினும், நோயாளி ஒருவர் இல்லையேல் ஏனைய மூன்றிற்கும் வேலை இல்லை என்பது தெளிவு.

இன்றைய மருத்துவமனையில் அந்த முதல்வரின் நிலை யாது? தம் உடம்பில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை அறியாதவராகவே பெரும்பாலும் அவர் அறுவை அரங்கிற்குள் செல்கிறார். ஒட்டுறுப்பு அறுவை, இதய அறுவை ஆகிய இரண்டையும் சான்றாகக் கொண்டு இந்நிலையை ஆராய்வது இவ்வுரையின் நோக்கமாகும்.

தம் நோயைத் தாமே சொன்னவர்

நோயாளியின் குரலைத் தேடினால் அது கடலூர் மண்ணிலேயே கிடைக்கிறது. பண்ணுருட்டியை அடுத்த திருவதிகையில் சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர், தம் முதற் பதிகத்திலேயே அவ்வலியைப் பாடினார். வலி எவ்விடத்தது, எத்தகையது, எவ்வாறு தம்மை வருத்துகிறது என்பவற்றை அவரே எடுத்துரைத்தார். பக்திப் பனுவலாக மட்டுமே பயிலப்படும் அப்பதிகம், ஒரு நோயாளியின் வாக்குமூலமும் ஆகும். அவர்க்கு உற்ற துணையாக நின்றவர் தமக்கையார் திலகவதியார். வள்ளுவர் கூறிய நான்காம் கூறு அவரே எனலாம்.

தம் துன்பத்தைத் தம் சொல்லால் உரைக்கும் திறம் படைத்தவர் பிறந்த நாடு இது. அந்நாட்டில் இன்று, "டாக்டர் என்னமோ சொன்னார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்பதே நோயாளிகளின் பொது மொழியாகிவிட்டது.

ஒட்டுறுப்பு அறுவை

பிளாஸ்டிக் சர்ஜரி என்றவுடன் உடம்பினுள் பிளாஸ்டிக்கை வைத்துத் தைக்கிறார்கள் என்று கருதுவோர் இன்றும் உளர். திரைப்பட நடிகையர் அழகுக்காகச் செய்துகொள்வது என்று எண்ணுவோர் இன்னும் பலர். இரண்டும் பிழை. வனைதல், உருவாக்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். குயவர் மண்ணை வனைவது போல, சிதைந்த உறுப்பை மீண்டும் வனைவது இம்மருத்துவம்.

கடலூர் மாவட்டத்தில் இதன் தேவை அழகைப் பற்றியது அன்று. 2020 ஆம் ஆண்டு மே, ஜூலை ஆகிய இரு மாதங்களிலும் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் காட்டுமன்னார்கோயிலை அடுத்த குருங்குடியில் பட்டாசு ஆலை வெடித்துப் பெண்கள் பலர் மாண்டனர். செய்தித்தாள்கள் இறந்தோரை எண்ணுகின்றன. தீயிலிருந்து பிழைத்தவர் அதன்பின் கழுத்தைத் திருப்பவும், விரலை நீட்டவும், கண்ணிமையை மூடவும் படும் பாடு செய்தியாவதில்லை. அவர்களுக்காகவே உள்ளது ஒட்டுறுப்பு அறுவை.

இக்கலை இந்திய மண்ணிற்குப் புதியதன்று. மூக்கு அறுபட்டார்க்குத் தோலைத் திருப்பி ஒட்டும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. 1792 ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலப் படையின் மாட்டுவண்டி ஓட்டுநரான கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் துணிக்கப்பட்டார். பின்னர்ப் புனேயைச் சேர்ந்த, செங்கல் அறுக்கும் மரபினர் ஒருவர், மெழுகால் மூக்கு வடிவம் செய்து, அதை நெற்றியில் விரித்து அளவெடுத்து, அவ்வளவிற்கு நெற்றித் தோலை அறுத்துத் திருப்பிப் புதிய மூக்கை அமைத்தார். 1794 அக்டோபரில் இலண்டன் மாத இதழொன்று கவாஸ்ஜியின் உருவப்படத்துடன் இதனை வெளியிட்டது. அதனைக் கற்ற ஜோசப் கார்ப்யூ 1814 இல் இலண்டனில் இம்முறையைக் கையாண்டார். அறுவை செய்த கைவினைஞரின் பெயரை அவ்விதழ் கூறவில்லை. நோயாளியின் பெயரும் முகமும் நிலைத்தன. வள்ளுவர் வகுத்த வரிசையை வரலாறு ஒருமுறை காத்தது போலும்!

இனி, நோயாளி அறிய வேண்டுவது யாது? தீப்புண் ஆழமானால் தோல் தானாக வளராது. தொடையிலிருந்து தோலின் மெல்லிய மேற்படலத்தைச் சீவி எடுத்துப் புண்ணின்மேல் பரப்புவர். எடுத்த இடம் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் ஆறிவிடும். ஒட்டிய தோலுக்கோ முதல் இரண்டு நாள்கள் சொந்தக் குருதி இல்லை. புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சியே அது உயிர் வாழ்கிறது. அதன்பின்னரே கீழிருந்து நுண்ணிய குருதி நாளங்கள் அதனுள் புகுகின்றன. அவ்வேளையில் அவ்வுறுப்பைச் சற்று அசைத்தாலும் அந்நாளங்கள் அறுந்துபோகும். "அசையாதே" என்று செவிலியர் கடிந்துகொள்வதன் காரணம் இதுவே. காரணம் அறிந்தவர் அசைய மாட்டார். அறியாதவர், கட்டின்கீழ் அரிக்கிறது என்று விரலை நுழைப்பார்.

அறுவையோடு பணி முடிவதுமில்லை. தழும்பு சுருங்கும் இயல்புடையது. கழுத்தில் வந்த தழும்பு தாடையை மார்போடு இழுத்துவிடும். இறுக்க ஆடை அணிதல், இரவில் அணைகட்டை வைத்துக் கட்டுதல், நாள்தோறும் மூட்டுகளை நீட்டிப் பயிலுதல் ஆகியவற்றைப் பல மாதம், சிலர்க்கு ஓராண்டிற்கு மேலும், தொடர வேண்டும். வலி கருதி இடையில் விட்டவர் மீண்டும் அறுவை அரங்கிற்கே வர நேரும். மற்றும் ஒன்று: வடு முற்றிலும் மறையாது. அதைக் குறைக்கலாம், உறுப்பின் பயனை மீட்கலாம். இவ்வுண்மையை முன்னரே சொல்லாவிடின், கட்டவிழ்க்கும் நாளில் கண்ணாடி நோயாளிக்குப் பகையாகிவிடும்.

இதய அறுவை

திருவதிகையிலிருந்து தில்லைக்கு வருவோம். சிற்றம்பலத்தை உலகின் இதயத் தாமரையாகக் கருதுவது சைவ மரபு. அந்த இதயம் மருத்துவர்க்கு ஒரு தசை. மூடிய கையின் அளவினது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிப்பது. ஓய்ந்திருக்கும் உடம்பிலும் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதியைச் செலுத்துவது. வியப்பு யாதெனில், இத்துணைக் குருதி தன்னுள் நிறைந்திருந்தும், அதிலிருந்து இதயத் தசை நேரே ஊட்டம் பெறுவதில்லை. தன்மீது படர்ந்த சிறு தமனிகள் வழியாகவே அது உண்கிறது. அத்தமனிகளுள் ஒன்று அடைபடுவதே மாரடைப்பு. தமிழ்ச்சொல் நோயின் காரணத்தையே சொல்லிவிடுகிறது.

பைபாஸ் என்னும் அறுவையை விளக்கக் கடலூர், சிதம்பரம் மக்களுக்கு நீண்ட பாடம் வேண்டா. நகருக்குள் நெரிசல் மிகும்போது புறவழிச்சாலை அமைக்கிறார்கள். நெரிசலைக் களைவதில்லை, அதனைச் சுற்றி வேறு வழி விடுகிறார்கள். அவ்வாறே அடைப்பை அகற்றாமல், காலிலிருந்து எடுத்த சிரையையோ மார்புச் சுவரின் உட்புறத் தமனியையோ கொண்டு, அடைப்பிற்கு அப்பால் குருதி செல்லப் புதுவழி அமைப்பர். இந்தியாவில் இவ்வறுவையை முதன்முதலில் 1975 இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே. எம். செரியன் செய்தார். இவ்வுவமையைப் புரிந்துகொண்டவர் மற்றொன்றையும் புரிந்துகொள்வார். புதுச்சாலையும் ஒருநாள் நெரிசலுக்கு உள்ளாகும். புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தாவிடின் புதுவழியும் அடையும். நோயை அறுவை நீக்கவில்லை; வாழ்வதற்குக் காலம் வாங்கித் தந்துள்ளது.

அறுவை முடிந்து கண்விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும், பேச்சு வராது. இதனை முன்கூட்டிச் சொல்லப்பெற்றவர் அமைதியாய் இருப்பார். சொல்லப்பெறாதவர், தம் குரல் போயிற்றென்று அஞ்சி அதனைப் பிடுங்க முற்படுவார். பிளந்த நெஞ்செலும்பை எஃகுக் கம்பியால் கட்டியிருப்பர். அது கூட ஏறத்தாழ மூன்று மாதமாகும். ஆதலால் நீர்க்குடம் தூக்குதலும், கைகளை ஊன்றி எழுதலும் ஆகா. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். இருமாமல் அடக்குதல் நன்றன்று. நுரையீரலில் சளி தங்கிவிடும்.

பெண்டிர் சிலர்க்கு வேறொரு துன்பம் உண்டு. சிறுவயதில் வந்த தொண்டைப் புண்ணின் விளைவாகிய வாதக் காய்ச்சல், ஆண்டுகள் பல கழித்து இதய வால்வைச் சுருக்கிவிடும். செயற்கை உலோக வால்வு பொருத்தப்பெற்றவர், குருதி உறையாமைக்கான மாத்திரையை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும். குறித்த காலத்தில் குருதியைச் சோதிக்க வேண்டும். பல் பிடுங்குமுன்னும், கருவுறுதலை எண்ணுமுன்னும் மருத்துவரைக் கலக்க வேண்டும். "உடம்பு நன்றாகிவிட்டது, மாத்திரை எதற்கு?" என்று நிறுத்தினால் வால்வில் குருதி உறைந்து உயிரையே பறிக்கும். இங்கே அறியாமை என்பது வெறும் குறை அன்று, அதுவே நோய்.

இரண்டிற்கும் பொதுவான உண்மை

தோலும் இதயமும் வெவ்வேறாகத் தோன்றினும் இவ்விரு அறுவைகளிலும் இரண்டு உண்மைகள் பொதுவாக உள்ளன. குருதி போய்ச் சேர வேண்டிய இடத்திற்குப் போய்ச் சேர வேண்டும் என்பது ஒன்று. புகைபிடித்தல் இரண்டையும் கெடுப்பது இதனாலேயே. மற்றொன்று, இங்கே மருந்தும் நோயாளியிடமிருந்தே பெறப்படுகிறது. பிறர் தோல் நிலையாக ஒட்டாது; தற்காலிகப் போர்வையாகவே உதவும். சொந்தத் தொடையின் தோலே புண்ணை மூடுகிறது. சொந்தக் காலின் சிரையே நெஞ்சைக் காக்கிறது. நான்கு கூறுகளுள் முதலாவதும் மூன்றாவதும் ஒருவரிடமே அமைகின்றன. அத்தகையவரை ஒன்றும் அறியாதவராகக் கட்டிலில் கிடத்துதல் முறையோ?

கையொப்பமும் ஒப்புதலும்

அறுவைக்கு முதல்நாள் மாலை ஒரு தாள் வருகிறது. "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பர். நோயாளி பெண்ணாயின் கணவரையோ மகனையோ தேடுவர். கையொப்பம் வேறு, ஒப்புதல் வேறு. முன்னது மையால் இடப்படுவது. பின்னது மனத்தால் தரப்படுவது. சமீரா கோலி வழக்கில் 2008 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், மாற்று வழி, இடர் ஆகியவற்றை நோயாளிக்கு விளக்கிப் பெறுவதே ஒப்புதல். உயிர் காக்கும் அவசரம் இல்லாதபோது, மயக்கத்தில் உள்ள வயதுவந்த நோயாளிக்காகத் தாய் தந்த ஒப்புதலும் செல்லாது என்று அத்தீர்ப்பு கூறியது.

வசதிகள் பெருகியுள்ளன. அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1985 இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி 2021 இல் அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாறியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் ஏழையர்க்கும் இதய அறுவையை எட்டச் செய்துள்ளது. எட்டாமல் இருப்பது விளக்கம் ஒன்றே.

தமிழில் விளக்க இயலுமா என்னும் ஐயத்திற்கு இடமில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். மருத்துவராகும் மாணவர்க்கே தமிழ் போதியதாயிற்று; நோயாளிக்கு விளக்கப் போதாதா? இங்கேதான் தமிழாசிரியர்க்கும் இலக்கிய அமைப்புகளுக்கும் கடமை பிறக்கிறது. மருத்துவமனைத் தாள்கள் எளிய தமிழில் அமையவும், எழுத்தறியாதார்க்கு அவற்றைப் படித்துக் காட்டவும் மருத்துவரோடு தமிழறிந்தார் கைகோத்தல் வேண்டும்.

நோயாளி கேட்க வேண்டியவை ஐந்தே. எனக்கு வந்துள்ளது என்ன? செய்யப்போவது என்ன? செய்யாவிடின் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? வீடு திரும்பியபின் நான் செய்ய வேண்டுவது யாது? இவற்றைக் கேட்பது மருத்துவரை ஐயுறுதல் ஆகாது. தம் பங்கை ஏற்றுக்கொள்வதற்கான ஆயத்தமே ஆகும்.

நோயாளியை நால்வருள் முதலில் வைத்தார் வள்ளுவர். அவ்விடத்தில் அவரை மீண்டும் அமர்த்துவோமாக.