உங்களுக்கு மார்க் போடுவது யார்?

புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக் வட்டாரத்தில் சொந்தத் தொழில் செய்யும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்காக இன்றைக்குப் பேசுகிறேன். செம்பனைப் பழம் வெட்டும் குத்தகை எடுத்தவர், ரெண்டு லோரி வைத்து ஓட்டுபவர், கல்யாணத்துக்குச் சமையல் எடுத்துச் செய்யும் அக்கா, பட்டறைக்காரத் தம்பி. மூணு பேருக்குச் சம்பளம் கொடுத்தாலும் நீங்கள் முதலாளிதான்.

ஆட்கள் தப்பு செய்தால் நீங்கள் சொல்கிறீர்கள். நீங்கள் தப்பு செய்தால் யார் சொல்வது? பேங்க்காரர் கடன் தவணையை மட்டும் பார்ப்பார். கணக்குப் பார்ப்பவர் வரியைப் பார்ப்பார். நீங்கள் ஆட்களை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்க ஆளே இல்லை.

இது நம் ரத்தத்தில் வந்த பழக்கம். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு. கங்காணி பேர் கூப்பிடுவார், கிராணி செக்ரோலில் குறித்துக்கொள்வார், அவர்களுக்கு மேலே தொரை. வேலைக்கு வந்த ஆளின் தலையை எண்ணிக் கங்காணிக்குக் காசு. கேள்வி எப்போதும் மேலிருந்து கீழேதான் இறங்கியது. 1938இல் இந்திய அரசு தடை போட்ட பிறகு, அங்கிருந்து கூலிக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவருவது நின்றது. ஆனால் கங்காணியின் அதட்டல் நிற்கவில்லை. தாத்தாவை அதட்டிய அதே குரலில் பேரன் இன்றைக்குத் தன் ஆளை அதட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

வேறு வழியும் நம்மிடமே இருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் போனது, லயத்து வீடும் போனது. அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன், பின்னாளில் துன் சம்பந்தன், தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடம் பேசினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அப்போது ஒரு பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள்.

தொழிலாளிகள் தோட்டம் வாங்கிய கதை பலருக்குத் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கைக் காட்டியாக வேண்டும். சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டக்காரரின் மகனாகப் பிறந்த சம்பந்தன், பால்மரம் வெட்டும் ஒரு அம்மா எழுந்து கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டிய இடத்தில் தானே போய் உட்கார்ந்தார். உங்கள் கம்பெனிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அதை நீங்களாகத்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் தேதிகளைப் பாருங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இபிஎஃப் பதினைந்தாம் தேதிக்குள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, டன் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் அதற்குக் கீழே போகக் கூடாது. கடந்த ஆறு மாத பேங்க் கணக்கை எடுத்து வையுங்கள். உங்கள் கார் தவணை ஒரு தடவையும் தவறாமல், ஆட்களின் சம்பளம் மட்டும் தள்ளிப் போயிருந்தால், யாரும் சொல்லாமலே உங்கள் மார்க் தெரிந்துவிடும்.

அடுத்து, கேட்கும் விதம். "நான் நல்ல முதலாளியா?" என்று கேட்காதீர்கள். "நல்ல முதலாளி, பாஸ்" என்பார்கள், அவ்வளவுதான். "நேத்து என்னால எந்த வேலை நின்னுச்சு?" என்று கேளுங்கள். ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்வார்: "பழம் பத்து மணிக்கே ரோட்டோரம் வந்துருச்சு பாஸ். லோரி இன்னைக்குத்தான் வந்துச்சு." வெட்டிய குலை ராத்திரி முழுக்கக் கிடந்தால் எண்ணெயில் புளிப்பு ஏறும், மில்லில் தரம் குறைப்பார்கள். பழம் வெட்டியவரை நீங்கள் திட்டியிருப்பீர்கள். லோரிக்குச் சொல்ல மறந்தது நீங்கள்.

அந்த நேரத்தில் காரணம் சொல்லாதீர்கள். டிரைவர் மேலே பழி போடாதீர்கள். கடன் எழுத வைத்திருக்கும் 555 நோட்டைப் போல இன்னொன்று வாங்கி, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். பேர் எழுத வேண்டாம். எழுதினால் அடுத்த தடவை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அந்த வாரத்திலேயே ஒன்றை மாற்றிக் காட்டுங்கள். லோரிக்கு முந்தின நாள் சாயந்திரமே போன் போடுவது ஒன்று போதும். மாற்றம் தெரிந்தால்தான் அடுத்தவருக்குச் சொல்ல தைரியம் வரும்.

இதில் கசப்பானது கடைசிப் பாடம். உங்களிடம் இருப்பவருக்குச் சம்பளப் பயம் உண்டு. விலகிப் போனவருக்கு அது இல்லை. போன வருடம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன ஒருவரை நினைத்துப் பாருங்கள். பாக்கி ஏதாவது இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். திரும்ப வேலைக்குக் கூப்பிடாமல், ஒரு தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுங்கள். "ஏன் போனீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரைக்கும் சும்மா இருங்கள்.