வாடகை நெருக்கடியா? கடன் வாங்கும் முன் கவுன்சிலிடம் கேளுங்கள்

(லண்டனில் நடந்த நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நலன்புரி உபகுழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நமது கட்டடத்தில் சொந்த வீட்டுக்காரரும் உண்டு, வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு. இன்று கதைக்கப்போவது வாடகைக்கு இருப்பவர்களின் விஷயம். ஆனாலும் சொந்த வீட்டுக்காரரும் கொஞ்சம் கேளுங்கள். நம் ஆட்களுக்கு இப்படியான தகவல் பெரும்பாலும் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் கிடைக்கிறது. அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

வாடகை கட்ட முடியாமல் போனால் நாம் என்ன செய்கிறோம்? கழிவு கூடினாலும் பரவாயில்லை என்று சீட்டை எடுக்கிறோம். கைமாற்று வாங்குகிறோம். கிரெடிட் கார்டை நீட்டுகிறோம். எல்லாம் முடிந்த பிறகுதான் கவுன்சில் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையை மாற்றுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில், பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது? தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு யூனிவர்சல் கிரெடிட்டில் வரும் வாடகைப் பணத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதன் பெயர் லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ். 2024 ஏப்ரலில் அதை உயர்த்தினார்கள். அதன் பிறகு அது அப்படியே நிற்கிறது, வாடகை மட்டும் ஏறுகிறது. ஓர் உதாரணம்: வாடகை மாதம் 1,400 பவுண்டு, வரம்பு 1,150 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 250 பவுண்டைச் சாப்பாட்டுக் காசிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்த இடைவெளிக்காகவே 2001 முதல் கவுன்சில்களிடம் ஓர் உதவி இருந்துவந்தது: டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமன்ட். யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பகுதியோ ஹவுசிங் பெனிஃபிட்டோ பெறுபவர்கள் அதைக் கேட்கலாம். வாடகைக் குறைவுக்கு மட்டுமல்ல, புது வீட்டு டெபாசிட், முதல் மாத வாடகை, வீடு மாறும் செலவு ஆகியவற்றுக்கும் கேட்கலாம். இங்கிலாந்தில் 2026 ஏப்ரல் 1 முதல் இது கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற நிதிக்குள் வருகிறது. பெயர் மாறினாலும் கேட்கும் இடம் அதே கவுன்சில்தான். யாருக்கு, எவ்வளவு என்ற விவரத்தை உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இது கட்டாயம் கிடைக்கும் பணம் அல்ல. கவுன்சில் பார்த்து முடிவு செய்வது. ஆகவே வரவு செலவை மறைக்காமல் எழுதுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடம், வருத்தக்காரரின் வைத்தியம், வேலை நேரக் குறைப்பு என்று காரணங்களைக் கடிதங்களுடன் காட்டுங்கள். மறுத்தால் மறுபரிசீலனை கேளுங்கள்.

அடுத்தது டெபாசிட். 2019 ஜூன் முதல், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. 1,400 பவுண்டு வாடகைக்கு அது சுமார் 1,615 பவுண்டு. முதல் மாத வாடகையும் சேர்ந்தால் 3,015 பவுண்டு. இவ்வளவு காசை ஒரே தடவையில் யாரால் புரட்ட முடியும்? சில கவுன்சில்கள் பணமாகத் தரும். சில, டெபாசிட்டுக்குப் பதிலாக வீட்டுக்காரருக்கு உத்தரவாதக் கடிதம் தரும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

டெபாசிட் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். வீட்டுக்காரர் அதை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால், டெபாசிட்டின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை உங்களுக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். "நம்ம ஆள்தானே" என்று கையில் காசைக் கொடுத்துவிட்டு, பிறகு சாட்சி தேடாதீர்கள்.

மூன்றாவது, வீட்டை விடச் சொன்னால் உடனே விட்டுவிடாதீர்கள். தனி வீட்டில் வாடகைக்கு இருப்பவரை நீதிமன்ற உத்தரவில்லாமல் வெளியேற்ற முடியாது. மரியாதைக்காக நாமே சாவியைக் கொடுத்துவிட்டால், வேண்டுமென்றே வீட்டை விட்டவர் என்று கவுன்சில் முடிவு செய்யக்கூடும். 56 நாட்களுக்குள் வீட்டை இழக்கும் நிலை வந்தால், உதவி பெறத் தகுதியுள்ளவருக்கு அதைத் தடுக்க நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கடமை. 2018 ஏப்ரலிலிருந்து சட்டம் அப்படி இருக்கிறது. நோட்டீஸ் கையில் வந்த அன்றே போங்கள்.

வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் அறை எடுத்து இருப்பவர்கள் கவனியுங்கள். உங்களுக்குப் பாதுகாப்பு குறைவு. டெபாசிட்டைப் பதியும் கட்டாயமும் பொதுவாக அங்கே இல்லை. ஆகவே நீங்கள் இன்னும் முந்திப் போக வேண்டும்.

விசாவில் பொது நிதி பெறக் கூடாது என்ற நிபந்தனை உள்ளவர்கள், விண்ணப்பிக்கும் முன் தகுதியுள்ள குடிவரவு ஆலோசகரிடம் கேளுங்கள். தெரியாமல் பெற்றாலும் விசாவுக்குப் பாதிப்பு வரலாம்.

போகும்போது வாடகை ஒப்பந்தம், மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், யூனிவர்சல் கிரெடிட் விவரம், வீட்டுக்காரரின் கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

கை நீட்டுவது மானக்கேடு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாமும் வேலை செய்து வரி கட்டுகிறோம். கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு பிள்ளைகளை ஒடுக்கி வளர்ப்பதில் என்ன மானம் இருக்கிறது?

படிவம் நிரப்ப உதவி வேண்டியவர்கள் நமது உபகுழுவில் யாரிடமும் சொல்லலாம். யார் வந்தார், என்ன கேட்டார் என்பது எங்களைத் தாண்டிப் போகாது.