பி.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்சாச்சு, அடுத்து என்ன?

பிசிக்ஸ் முடிச்சவங்ககிட்ட வீட்டிலும் வெளியிலும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "பி.எட். போறியா, ஐ.டி. போறியா?" ரெண்டுமே நல்ல வழிதான். ஆனால் வேற வழியே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. சில வேலைகளுக்கு வயது வரம்பு இருக்கு. தெரியாமலே அதைத் தாண்டிட்டா, திரும்ப விண்ணப்பிக்க முடியாது.

விமானம் எந்த உயரத்தில் பறக்கணும், எப்போ இறங்கணும்னு விமானிக்குச் சொல்பவர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் இந்தப் பணிக்கு, இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 27. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு.

அடுத்தது வானிலைத் துறை. இதில் அறிவியல் உதவியாளர் பணிக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் 2022-ல் தேர்வு அறிவித்தது. பட்டப்படிப்பில் இயற்பியல் ஒரு பாடமாக இருக்கணும், முதல் வகுப்பும் வேணும்னு அதில் கேட்டிருந்தாங்க.

மேலே படிக்க முடியும்னா மருத்துவ இயற்பியலைப் பாருங்க. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும்போது கதிர் கட்டியில் சரியாகப் படணும், பக்கத்து உறுப்புகளுக்குப் பாதிப்பு குறையணும். அந்தக் கணக்கைப் போடுபவர் மருத்துவ இயற்பியலாளர். அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கு எம்.எஸ்சி. படிப்பு இருக்கு. ஆராய்ச்சியில் ஆர்வமா? ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' தேர்வு எழுதலாம். எம்.எஸ்சி. முடித்தபின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கும் முயற்சி செய்யலாம்.

எந்தப் பாடம் படிச்சிருந்தாலும் எழுதக்கூடிய டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளும் இருக்கு. பயிற்சிக்குப் பணம் இல்லையேன்னு தயங்க வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகவே பயிற்சி தர்றாங்க.

இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. மதிப்பெண் பட்டியலை எடுத்து, கணிதம் துணைப்பாடமா இருக்கா, மொத்தம் எத்தனை சதவீதம்னு பாருங்க. பிடிச்ச மூணு வேலைகளின் பழைய அறிவிப்புகளை அந்தந்தத் துறையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இறக்கி, தகுதி, வயது ரெண்டையும் போனில் குறிச்சு வைங்க. புது அறிவிப்பு வந்ததும் அதோட ஒருமுறை சரிபாருங்க. "பணம் கொடு, வேலை வாங்கித் தர்றேன்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

உங்களுக்கு எத்தனை வருஷம் கையில் இருக்குன்னு அந்தக் குறிப்பே சொல்லிடும். அதை வீட்டில் காட்டிப் பேசி, அடுத்த படிப்பை முடிவு பண்ணுங்க.