சுருளில் உறங்கும் சாட்சி



தகரப் பெட்டி ஒன்றிலே வட்டமாய்ச் சுருண்டு கிடக்கும் பழைய சலனப்படம் ஒன்று உங்கள் கையில் அகப்படுகின்றது. அதை ஓட்டிப் பார்க்கும் கருவி உங்களிடம் இல்லை. அதில் என்ன இருக்கின்றதென்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. அதை வைத்திருப்பதா, எறிந்துவிடுவதா? இவ்வினாவுக்கு விடை தேடி இன்று உங்களை அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே உள்ளூர் மோட்டார் ஓட்டப் போட்டிகளைப் பிடித்த பழைய சுருள்கள், வீட்டுப் பரண்களிலிருந்து அவ்வப்போது வெளிவருகின்றன. பாடசாலை அதிபர் ஒருவருக்கும் மோட்டார் ஓட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். அதனை இறுதியிற் சொல்கிறேன்.

இவ்வோட்டத்தை 'ஸ்டொக் கார்' ஓட்டம் என்பர். போட்டிக்கென்றே தனியாகக் கட்டப்பட்ட வண்டிகளல்ல. விற்பனைக் கூடத்தில் எவரும் வாங்கக்கூடிய சாதாரண மோட்டார் வண்டிகளே தொடக்கத்தில் இதில் ஓடின. கள்ளச்சாராயத்தை ஏற்றிக்கொண்டு, பொலிஸாருக்குத் தப்பி மலைப்பாதைகளில் விரைந்தவர்கள் இவ்விளையாட்டின் முன்னோடிகளுட் சிலர். 1948ஆம் ஆண்டில் 'நாஸ்கார்' என்னும் சங்கம் அமைந்து விதிகளை வகுத்தது. ஆயினும், பெரிய அரங்குகளுக்கு அப்பால், சிற்றூர்களின் மண் தடங்களிலே வாரந்தோறும் ஓடியவர்கள் வண்டி திருத்துவோரும் கமக்காரரும் ஆலைத் தொழிலாளருமே.

சலனப்படம் வெறும் வேடிக்கையன்று, அது சாட்சியும் ஆகும் என்பதை இவ்விளையாட்டும் காட்டியது. 1959ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி, புளோரிடா மாநிலத்து டேற்றோனாவில், இரண்டரை மைல் நீளமான புதிய தடத்திலே முதலாவது ஐந்நூறு மைல் ஓட்டம் நடைபெற்றது. முடிவுக்கோட்டை மூன்று வண்டிகள் ஒரே வரிசையாகக் கடந்தன. அவற்றுள் ஒன்று சுற்றுக் கணக்கிற் பின்தங்கிய வண்டி. மற்ற இரண்டையும் ஓட்டியவர்கள் லீ பெற்றியும் ஜோனி பீச்சமும். பீச்சமே வென்றார் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பெற்றி அதனை ஏற்கவில்லை. சங்கத் தலைவர் பில் பிரான்ஸ் நிழற்படங்களையும் செய்திப்படச் சுருளையும் வரவழைத்துப் பார்த்தார். மூன்று நாட்களின் பின், வென்றவர் பெற்றியே எனத் தீர்ப்பு வந்தது. ஆயிரக்கணக்கான கண்கள் கண்டு தெளியாததை ஒரு படச்சுருள் தெளிவித்தது.

இனி, வேறொரு நாளை நினைத்துப் பாருங்கள். 1963ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி, அதே மாநிலத்தின் ஜக்சன்வில் நகரில், அரை மைல் மண் தடத்தில் இருநூறு சுற்று ஓட்டம். வேர்ஜீனியாவிலிருந்து வந்த வென்டல் ஸ்கொட் என்னும் கறுப்பினத்தவர் எல்லோரையும் முந்திச் சென்றார். அவருக்குக் கொடி அசைக்கப்படவில்லை. பக் பேக்கர் என்னும் வெள்ளையருக்கே வெற்றியும் கிண்ணமும் வழங்கப்பட்டன. சில மணி நேரத்தின் பின், கூட்டம் கலைந்த பிறகு, கணக்கிற் பிழை நேர்ந்தது என்றும் வென்றவர் ஸ்கொட்தான் என்றும் ஒப்புக்கொண்டார்கள். பரிசுப் பணம் கிடைத்தது. அந்த மேடையும் கரகோஷமும் கிடைக்கவில்லை. 1990இல் அவர் காலமானார். அவ்வெற்றிக்கான கிண்ணம் அவருடைய குடும்பத்தாரின் கையில் முறைப்படி சேர்ந்ததோ 2021ஆம் ஆண்டிலேதான். காலங்கடந்து வரும் நீதி, அதைப் பெறவேண்டியவரைக் காணாமலே வருகிறது.

பெரிய ஓட்டங்களின் நிலையே இதுவானால் சிற்றூர் ஓட்டங்களை யார் பதிந்து வைத்தார்கள்? டேற்றோனா ஓட்டத்தையே தொடக்கம் முதல் முடிவு வரை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் நேரடியாகக் கண்டது 1979இலேதான். மண் தடங்களுக்குப் படக்கருவியோடு சென்றவர்கள், பெரும்பாலும் ஓட்டுநரின் மனைவியோ தம்பியோ அயலவரோ ஆவர். எட்டு மில்லிமீற்றர்ச் சுருள் ஒன்றிலே பிடிக்கக்கூடியது ஏறக்குறைய நான்கு நிமிடக் காட்சியே. ஆகையால் அவர்கள் சிக்கனமாகவே பிடித்தார்கள். ஓட்டத்தின் தொடக்கம் இருக்கும், ஒரு விபத்து இருக்கும். பின்னர் எண்ணெய்க் கையுடன் சிரிக்கும் ஓர் இளைஞன், வேலியோரம் குழந்தையை இடுப்பில் ஏந்திய ஒரு பெண். ஒலி இராது. இன்று அவற்றைப் பார்ப்பவர்கள் யார் வென்றார் என்று தேடுவதிலும், "அது எங்கள் அப்பா" என்று விரல் நீட்டுவதிலேயே பெரிதும் மகிழ்கிறார்கள். தடங்களும் மறைந்து வருகின்றன. வட கரோலினாவிலே 1968 வரை ஓட்டம் நடந்த ஒக்கனீச்சித் தடம், இன்று பைன் மரக்காட்டினூடே மக்கள் உலாவும் பாதையாகிவிட்டது.

சுருளுக்கும் ஆயுள் உண்டு. இவை செலுலோஸ் அசெற்றேற்றினால் ஆனவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அப்பொருள் சிதைந்து அசெற்றிக் அமிலத்தை வெளிவிடும். வினாகிரி மணம் எழுந்தால் நோய் தொடங்கிவிட்டது என்பது பொருள். அந்த ஆவி அருகிலுள்ள சுருள்களையும் கெடுக்கும். சுருள் சுருங்கும், ஓரத்துத் துளைகள் இடம் பிசகும். அதனைப் பழைய கருவியில் மாட்டி ஓட்டினால் கிழிந்துபோகும். ஆனால், மணம் வந்துவிட்டதனால் படம் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டலாகாது. தக்க கருவி உடையோர் அக்காட்சிகளைப் பிரதி செய்து காப்பாற்ற இன்னும் இடமுண்டு.

இதனை நான் அறிந்திராத காலம் ஒன்று இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையைப் பொறுப்பேற்றபோது களஞ்சிய அறையைத் துப்புரவாக்குவித்தேன். அங்கே ஆறு தகரப் பெட்டிகள் இருந்தன. மூடிகளில் "இல்ல விளையாட்டுப் போட்டி" என்று முன்னாள் ஆசிரியர் ஒருவரின் அழகிய எழுத்து. திறந்தேன், வினாகிரி மணம் மூக்கைத் துளைத்தது. பழுதாகிவிட்டது என்று எண்ணி, குப்பையோடு எரித்துவிடும்படி காவலாளியிடம் சொன்னேன்.

மறு வருடம் எழுபது வயது கடந்த பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தார். தம் அண்ணன் அப்பள்ளியின் அஞ்சலோட்ட அணியில் ஓடியவர் என்றும், இடப்பெயர்வின்போது வீட்டோடு அவருடைய படங்கள் எல்லாம் போய்விட்டன என்றும் சொன்னார். "அந்த மாஸ்ரர் படம் பிடிச்சவர், சேர். அண்ணா ஓடினதை ஒருக்காப் பாக்கலாமோ?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மைதானத்தைச் சற்று நேரம் பார்த்து நின்றுவிட்டுப் போனார். அவர் கடிந்திருக்கலாம் என்று இன்றும் எண்ணுகிறேன்.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டிலோ பாடசாலையிலோ கோயிலிலோ சனசமூக நிலையத்திலோ அத்தகைய பெட்டி ஒன்று இருந்தால், அதைக் குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வையுங்கள். மணம் வீசுவதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பழைய கருவியில் ஓட்டாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரதி எடுப்பியுங்கள். எடுத்தபின், முகங்களை இனங்காணக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அவர்களை அருகிலிருத்தி, ஊரும் ஆண்டும் பெயர்களும் எழுதி வையுங்கள். பெட்டிக்குள் உறங்குபவர் யாருடைய அண்ணன் என்பது, திறக்கும் நமக்குத் தெரியாது.